டிரா ஆகவேண்டிய ஆட்டம்



சதுரங்கத்தின் இறுதிக்கட்டத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் அது பாடமாகிவிடும். நாளைக்கு யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் பின்பாதி மட்டும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரின் செந்தோசா தீவு. உலக சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம். வெள்ளைக் காய்களோடு சீனாவின் டிங் லிரன், நடப்புச் சாம்பியன். கறுப்புக் காய்களோடு சென்னைப் பிள்ளை குகேஷ், வயது 18. இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி.

முடிவு உங்களுக்குத் தெரியும். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் மூன்றே நகர்த்தல். ஆட்டத்தை விட்டுக்கொடுத்துக் கை குலுக்கினார். அன்று இரவே ஒரு பேச்சு கிளம்பியது. "டிராவாகப் போக வேண்டிய ஆட்டம், டிங் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தப்பு செய்தார், பட்டம் கைமாறிவிட்டது, அவ்வளவுதான்" என்று. இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. இதில் இரண்டு பேருக்கும் அநியாயம் நடக்கிறது. டிங்கின் தடுப்பாட்டத்தையும் மறந்துவிடுகிறோம், குகேஷ் அன்று செய்த வேலையையும் மறந்துவிடுகிறோம். ஆட்டத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

முதலில் அந்த எண்ட்கேம் எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 28ஆவது நகர்த்தல் முடிந்தபோது இரண்டு பக்கமும் காய்கள் சமம். ராணி, இரண்டு யானை, ஒரு பிஷப், மூன்று சிப்பாய், இரண்டு பேருக்கும் இதே கணக்கு. அடுத்த நகர்த்தலில் டிங் தன் பி சிப்பாயை பி4-க்குத் தள்ளினார். குகேஷின் ராணி அதை வெட்டியது. ராணிக்கு ராணி மாறியது, பிறகு யானைகளில் ஒரு ஜோடி மாறியது. இப்படி நான்கே நகர்த்தலில் பலகை காலியாகிவிட்டது. மிஞ்சியது ஆளுக்கு ஒரு யானை, வெள்ளைக் கட்டங்களில் ஓடும் ஒரு பிஷப். சிப்பாய்க் கணக்கு குகேஷுக்கு மூன்று, டிங்குக்கு இரண்டு. எல்லாச் சிப்பாய்களும் ராஜா இருக்கும் பக்கத்திலேயே.

சமமாக இருந்தவர் வலியப் போய் ஒரு சிப்பாயைக் கொடுத்தாரே, ஏன்? இந்த அமைப்பு டிரா என்பது அவருக்குத் தெரியும். சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கமாக இருந்தால், தற்காப்பவரின் ராஜா எங்கேயும் ஓட வேண்டியதில்லை. நின்ற இடத்தில் நின்று காக்கலாம். மூன்றுக்கு இரண்டு என்றாலும் பெரும்பாலும் தாங்கும். டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்கள். வேக ஆட்டத்தில் டிங்கின் கைதான் ஓங்கும் என்று பலரும் கணித்திருந்தார்கள். வெள்ளைக் காயை வைத்துக்கொண்டு வெற்றிக்குப் போராடுவதைவிட, ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்து அமைதியை வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கில் பிழை இல்லை. நேரலையில் ஓரமாகத் தெரியும் கம்ப்யூட்டர் மதிப்பீட்டுப் பட்டையும் ஏறக்குறைய சமம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டை என்ன சொல்கிறது? இரண்டு பேரும் பிழையே இல்லாமல் ஆடினால் முடிவு இதுதான் என்கிறது. எது ஆடுவதற்குச் சுலபம், எது கஷ்டம் என்று அது சொல்வதில்லை. பி4 நகர்த்தலுக்குப் பிறகு குகேஷ் தோற்பதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது. டிங் ஜெயிப்பதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது. ஒருவர் மணிக்கணக்கில் முயன்று பார்க்கலாம், ஒன்றும் கிடைக்காவிட்டால் அரைப் புள்ளி நிச்சயம். மற்றவருக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் இழப்பதற்கு மட்டுமே இருக்கிறது. கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 69 வளைவை ஒழுங்காகத் திருப்பிய ஓட்டுநருக்கும் எழுபதாவது வளைவில் சலுகை கிடையாது. டிங் அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தார், தெரிந்தே.

டிங் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 ஆகஸ்டிலிருந்து 2018 நவம்பர் வரை கிளாசிக்கல் ஆட்டங்களில் தொடர்ந்து 100 ஆட்டம் தோற்காமல் ஆடியவர் அவர். மோசமான நிலையில் பொறுமையாக உட்கார்ந்து காப்பாற்றுவதில் அவர் தலைமுறையில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலர். 2023-இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வும் தூக்கமின்மையும் அவரைப் படுத்தின. அதை அவரே மறைக்காமல் சொன்னார். 2024 ஜனவரிக்குப் பிறகு ஒரு கிளாசிக்கல் வெற்றிகூட இல்லாமல்தான் சிங்கப்பூருக்கு வந்தார். குகேஷ் சுலபமாக ஊதித் தள்ளிவிடுவார் என்றார்கள். முதல் ஆட்டத்திலேயே டிங் கறுப்புக் காய்களோடு ஜெயித்தார். குகேஷ் மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தார், 11-ஆவதில் முன்னே போனார். மறுநாளே 12-ஆவது ஆட்டத்தில் டிங் மிக அழகாக ஆடி மறுபடி சமன் செய்தார். 13-ஆவதில் குகேஷ் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்ட நிலையிலிருந்து டிங் மயிரிழையில் தப்பினார். அப்படித் தப்பிய மறுநாள்தான் நாம் பேசும் ஆட்டம்.

குகேஷின் பக்கமும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆறாவது ஆட்டத்தில், தன் நிலை கொஞ்சம் மோசமாக இருந்தபோதே, மூன்று முறை ஒரே நிலை வந்து டிரா ஆகும் வாய்ப்பை அவர் ஒதுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். பலர் அதைத் துடுக்கு என்றார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. எதிரே இருப்பவர் சோர்ந்திருக்கிறார் என்று தெரிந்தால், ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் ஆயுதம்தான். போட்டி முழுக்க அதே கொள்கையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். டிரா என்று கை நீட்ட வேண்டிய ஆட்டங்களையெல்லாம் இழுத்துக்கொண்டே போனார். அதில் பாதி பலன் தரவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் டிங்கின் தெம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

இனி பலகைக்கு வருவோம். பிள்ளைகள் காய்களை அடுக்கிக்கொள்ளுங்கள்.

32-ஆவது நகர்த்தலிலிருந்து குகேஷ் செய்ததில் கண்ணைப் பறிக்கும் வித்தை எதுவும் இல்லை. ஜி சிப்பாயை ஜி5-க்குத் தள்ளினார். எச் சிப்பாயை எச்5-க்கு. கொஞ்சம் பொறுத்து ஜி4. ராஜாவைப் படிப்படியாக எச்6, ஜி5 என்று மேலே ஏற்றினார். நடுநடுவே யானையைப் பின்வரிசைக்கு அனுப்பி ஒரு செக், திரும்ப ஐந்தாவது வரிசை, திரும்ப ஆறாவது வரிசை. டிங்கின் யானை சி4, பி4, ஏ4 என்று நான்காவது வரிசையில் உலாத்திக்கொண்டிருந்தது. பிஷப் நீண்ட மூலைக்கோட்டில் மேலும் கீழும் போய் வந்தது. 45-ஆவதில் டிங் எஃப்3 ஆடி ஒரு சிப்பாயை மாற்றிக்கொண்டார். சரியான முடிவு. சிப்பாய்கள் குறையக் குறைய டிரா நெருங்கும். இப்போது இரண்டுக்கு ஒன்று. கறுப்புக்கு எஃப்5, ஜி4. வெள்ளைக்கு ஜி3 மட்டும்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் மறுநாள் வேக ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். டிங்கின் கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. குகேஷிடம் நேரம் தாராளமாக இருந்தது. அவர் அவசரப்படவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை.

52-ஆவது நகர்த்தலை நன்றாகப் பாருங்கள். டிங்கின் பிஷப் பி7-இல் நிற்கிறது, யானை ஏ4-க்குப் போயிருக்கிறது. குகேஷ் தன் யானையை டி2-இலிருந்து பி2-க்கு நகர்த்தினார். சாதாரணமாகத் தெரியும் நகர்த்தல். ஆனால் அது பி7 பிஷப்பை நேராகக் குத்துகிறது. பிஷப் நகர்ந்தாக வேண்டும். போக இடம் இல்லாமலில்லை. டிங் ஏ8-க்குப் போனார், பலகையின் மூலைக்கு. யானையின் பாதுகாப்பும் அங்கே இருக்கிறது, எதிரியின் காய் எதுவும் எட்டாது. களைத்த மனசுக்கு மூலை பத்திரமான இடமாகத் தோன்றும்.

பிஷப்புக்கு மூலை நல்ல இடமில்லை என்பதைப் பயிற்சிக்கு வரும் எந்தப் பிள்ளையும் சொல்லும். நடுவில் நிற்கும் பிஷப்புக்கு இரண்டு மூலைக்கோடுகள். மூலையில் நின்றால் ஒன்றே ஒன்று. அந்த ஒரு கோட்டில் எங்கேயாவது குறுக்கே ஒரு காய் வந்து நின்றுவிட்டால் கதவு சாத்தியாகிவிட்டது. ஏ8-இல் நிற்கும்போது அப்படி அடைக்கக்கூடிய கட்டம் டி5. குகேஷின் பிஷப் அப்போது இ6-இல் இருக்கிறது. ஒரே எட்டில் டி5. ஆனால் டி5-க்குக் காவல் இல்லாவிட்டால் அங்கே போய் வெட்டுக் கொடுக்க வேண்டியதுதான். 53-ஆவதில் குகேஷின் ராஜா எஃப்6, 54-ஆவதில் இ5. இப்போது ராஜா டி5 கட்டத்துக்குக் காவல் நிற்கிறது. இந்த ஒழுங்கை அவர் முழுக்கத் திட்டமிட்டு அமைத்தாரா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். காய்கள் ஒன்றோடொன்று உதவும் இடங்களில் நிற்கும்படி பார்த்துக்கொண்டார். அப்படி நின்றால் எதிராளி தவறும் நொடியில் தண்டனை தானாகக் கிடைக்கும்.

இ5-க்கு வந்த ராஜா, 54-ஆவதில் ஏ4-இலிருந்து எஃப்4-க்கு வந்திருந்த டிங்கின் யானையையும் முட்டுகிறது. ஜி3 சிப்பாய் காவல் இருப்பதால் வெட்ட முடியாது. ஆகவே யானை ஓட வேண்டிய அவசியமே இல்லை. நகர்த்தினாலும் ஏ4-க்குத் திரும்பிப் போய்க் காத்திருக்கலாம். டிங் எஃப்2-ஐத் தேர்ந்தெடுத்தார். யானையை யானைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற அழைப்பு அது. அந்த நினைப்பும் அசட்டு நினைப்பு இல்லை. யானைகள் போய்விட்டால் பிஷப்புக்கு பிஷப், இரண்டு சிப்பாய்க்கு ஒன்று. சாதாரணமாக அதுவும் டிராதான். வெள்ளை ராஜா சிப்பாய்களுக்கு எதிரே நிற்கும், பிஷப் தூரத்திலிருந்து கட்டங்களைக் காக்கும். அந்த பிஷப் பி7-இலோ சி6-இலோ இருந்து, தேவைப்பட்டபோது வேறு கோட்டுக்கு விலக முடிந்திருந்தால் பிழைத்திருக்கும். ஏ8-இல் இருந்ததுதான் வினை.

யானைக்கு யானை வெட்டுப்பட்டது. வெள்ளை ராஜா எஃப்2. குகேஷின் பிஷப் டி5. வேலை முடிந்தது. ஏ8 பிஷப்புக்கு இப்போது மூன்றே வழி: டி5-இல் வெட்ட வேண்டும், அல்லது பி7, சி6 என்று அதே கோட்டில் நகர்ந்து தானே வெட்டுப்பட வேண்டும், அல்லது நின்ற இடத்திலேயே வெட்டுப்பட வேண்டும். டிங் வெட்டினார், குகேஷின் ராஜா திரும்ப வெட்டியது. பலகையில் இரண்டு ராஜா, மூன்று சிப்பாய்.

இந்த நிலையை விளக்காமல் போனால் ஆட்டத்தின் அழகு பாதி போய்விடும். வெள்ளை ராஜா இ3-க்கு வந்தது. கறுப்பு ராஜா டி5-இலிருந்து இ5-க்கு வந்து, நடுவில் ஒரே கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றது. நகர்த்த வேண்டியது வெள்ளை. வெள்ளையின் ஒரே சிப்பாய் ஜி3-இல் இருக்கிறது. எதிரே ஜி4-இல் கறுப்புச் சிப்பாய் அடைத்து நிற்கிறது, அதனால் அது அசையாது. ஆக ராஜாதான் நகர வேண்டும். இந்தப் பக்கம் விலகினால் கறுப்பு ராஜா அந்தப் பக்கம் நுழையும்; பின்வாங்கினால் இன்னும் மேலே வரும். எப்படிப் போனாலும் கடைசியில் ஜி3 சிப்பாய் விழும், கறுப்பின் இரண்டு சிப்பாய்களில் ஒன்று ராணியாகும். சும்மா இருக்க முடிந்தால் டிங் தப்பியிருப்பார். சதுரங்கத்தில் சும்மா இருக்க விதி இல்லை. டிங் கை நீட்டினார். 18 வயது குகேஷ் உலகின் 18ஆவது சாம்பியன் ஆனார். அதற்கு முன் மிக இளையவராக இருந்த காஸ்பரோவ் 1985-இல் வென்றபோது 22 வயது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் கம்ப்யூட்டரில் முழு விடை கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். எஃப்2-இல் யானை நிற்கும்போது பலகையில் ஒன்பது காய். யானைகள் வெட்டுப்பட்டவுடன் ஏழு. அந்த நொடியில் இந்த ஆட்டம் கடவுளே வந்து ஆடினாலும் மாற்ற முடியாத விடைக்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய நொடி வரை இரண்டு மனிதர்கள்.

அந்த மனிதர்களைப் பார்ப்போம். யானை எஃப்2-க்கு வந்தபோது குகேஷும் உடனே கவனிக்கவில்லை. தன் யானையை பி3-க்கு நகர்த்தி ஜி3 சிப்பாயைத் தொந்தரவு செய்யலாம் என்றுதான் இருந்தார். பிறகுதான் மூலையில் பிஷப் மாட்டியிருப்பது கண்ணில் பட்டது என்று பின்னால் அவரே சொன்னார். காணொளியில் அது அப்படியே தெரிகிறது. கண்கள் விரிகின்றன. உடனே கை நீட்டிக் காயைத் தொடவில்லை, தன்னை அமைதிப்படுத்திக்கொள்கிறார். எதிரே டிங், குகேஷின் முகத்தைப் பார்த்துத்தான் தான் செய்ததை உணர்ந்ததாகச் சொன்னார். உலகப் பட்டம் போகிறது என்ற செய்தியை எதிராளியின் முகத்தில் படிப்பது எப்படி இருந்திருக்கும்? ஆட்டம் முடிந்ததும் குகேஷ் அழுதார். அழுதபடியே எல்லாக் காய்களையும் அவற்றின் தொடக்கக் கட்டங்களில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டிங் பேட்டியில் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. முந்தைய நாள் தப்பித்ததை நினைத்தால் கடைசியில் தோற்றது நியாயமான முடிவுதான், வருத்தமில்லை என்றார். குகேஷ் அதே மேடையில் டிங்கை உண்மையான சாம்பியன் என்று சொன்னார். சாம்பியன்கள் இருவரும் இப்படி நடந்துகொண்டார்கள். சுற்றி இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பக்குவம் வரவில்லை.

முன்னாள் சாம்பியன் கிராம்னிக், இப்படி ஒரு சிறுபிள்ளைத்தனமான பிழையில் பட்டம் முடிவானதே என்று வெளிப்படையாக வருந்தினார். பெரிய ஆட்டக்காரர், அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவரே 2006-இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டருக்கு எதிராக, ஒரே நகர்த்தலில் ராஜா மாட்டும் நிலையைக் காணாமல் விட்டிருக்கிறார். இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மூளைக்கும் அது நேர்ந்தது. அதை நாம் மன்னித்தோம். டிங்குக்கும் அதே மரியாதை வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதன் வலி தெரிந்திருக்க வேண்டும். 2013 நவம்பரில் சென்னை ஹயாத் ரீஜென்சியில் ஆனந்தும் கார்ல்சனும் மோதினார்கள். முதல் நான்கு ஆட்டங்கள் டிரா. ஐந்தாவதும் ஆறாவதும் எண்ட்கேம்கள், இரண்டிலும் கார்ல்சன் வெற்றி. ஆறாவது ஆட்டத்தின் 60-ஆவது நகர்த்தலில் ஆனந்த் பி சிப்பாயை முன்னே தள்ளியிருந்தால் டிரா கிடைத்திருக்கும். யானையை ஏ4-க்கு நகர்த்தினார், தோற்றார். அன்று கார்ல்சனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று யாராவது சொன்னோமா? அவர் விடாமல் கசக்கிப் பிழிகிறார் என்றோம், அதுதான் அவர் பலம் என்றோம். சரியாகத்தான் சொன்னோம். அந்தக் கூட்டத்தில் பார்வையாளனாக வந்திருந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் பதினோரு வருடம் கழித்து அதே வேலையைச் செய்தால் மட்டும் ஏன் அளவுகோல் மாறுகிறது?

2021 துபாய் ஆட்டத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். கார்ல்சன், நெப்போம்னியாஷி, ஆறாவது ஆட்டம். 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம். உலகப் பட்டப் போட்டிகளிலேயே நீளமான ஆட்டம். கடைசியில் கார்ல்சனிடம் ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய். எதிரே ஒற்றை ராணி. கம்ப்யூட்டர் அதையும் டிரா என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 130-ஆவது நகர்த்தலில் ராணி தவறான கட்டத்துக்குப் போனது. அதற்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட நகர்த்தல்களை நெப்போ தாங்கியிருந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்தத் தொடரில் அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, போட்டியையும் இழந்தார்.

பெற்றோர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் ஓப்பனிங் மனப்பாடம் செய்கிறார்கள், இருபது நகர்த்தல் வரை கம்ப்யூட்டர் சொன்னபடி ஆடுகிறார்கள், காய்கள் குறைந்ததும் "டிராவா?" என்று கை நீட்டிவிட்டு வெளியே ஓடி வருகிறார்கள். வெளியே நிற்கும் அப்பாவோ அம்மாவோ போனில் கம்ப்யூட்டர் மதிப்பீட்டைப் பார்த்து "சமம்தான், பரவாயில்லை" என்கிறார்கள். தயவுசெய்து அந்த போனைப் பையில் வையுங்கள். அந்த எண் பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

இன்று வீட்டுக்குப் போனதும் இதைச் செய்து பாருங்கள். வெள்ளைக்கு ராஜா ஜி1, யானை எஃப்4, பிஷப் ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்புக்கு ராஜா இ5, யானை பி2, பிஷப் இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. நகர்த்த வேண்டியது வெள்ளை. வெள்ளைக்குப் பத்து நிமிடம், கறுப்புக்கு ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். பிள்ளை முதலில் வெள்ளையை ஆடட்டும், நீங்கள் கறுப்பை ஆடுங்கள். கறுப்புக்கு ஒரே ஒரு விதி: அறுபது நகர்த்தல் ஆகும்வரை டிரா கேட்கக் கூடாது. பிறகு பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே கூடத்தில் பிள்ளைகளின் ஆட்டக் குறிப்புகளைப் பார்க்கிறேன். யார் எந்த நகர்த்தலில் தவறினார்கள், அப்போது கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.